பெஸ்ஸா உடலில் ஜூபிடர்-8: அருகில் ஃபோகஸ் பின்னால் விழுகிறது. அடாப்டரா, ஷிம்மா?

#1 ஒளித்துளை

வணக்கம். உடல் பெஸ்ஸா ஆர்2ஏ, ரேஞ்ச்ஃபைண்டர் (இரட்டை உருவத்தை ஒன்று சேர்த்து ஃபோகஸ் செய்யும்) ஃபிலிம் கேமரா. லென்ஸ்கள் மூன்று: எம் மவுண்ட் (லைக்கா எம் உடல்களின் லென்ஸ் பொருத்தம்) நாக்டன் 50/1.5 (2013 வடிவம்), திருகு மவுண்ட் ஜூபிடர்-8 50/2, திருகு மவுண்ட் கேனன் 100/3.5. திருகு லென்ஸ் இரண்டையும் எம் மவுண்டில் மாட்ட ஒரே அடாப்டர், பெயரில்லாத மலிவு வகை.

நாக்டன் எல்லாத் தூரத்திலும் துல்லியம். ஜூபிடர் 1 மீட்டரில் எஃப்/2 வைத்தால் கண்ணில் ஃபோகஸ் செய்தது காதில் விழுகிறது. 3 மீட்டருக்கு அப்பால் குறை இல்லை, எஃப்/5.6-இல் அருகிலும் குறை தெரியவில்லை. கேனன் 100 முழுத் திறப்பில் எப்போதும் கொஞ்சம் பின்னால்தான். தொலைதூரக் கோபுரத்தைப் பார்த்தால் இரட்டை உருவம் முழுதாக ஒன்று சேர்வதில்லை, லென்ஸ் முடிவிலியில் முட்டி நிற்கும்போதும்.

அடாப்டரை மாற்றினால் இரண்டும் சரியாகுமா? பின்னாளில் லைக்கா எம் உடல் வாங்கினால் இதே அடாப்டர் உதவுமா?

#2 திருகுமரை

தம்பி, நாக்டன் சரியாக இருப்பதால் உடலை விட்டுவிடலாம். அதைத் தொடவே தொடாதீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். கேனனுக்கு அடாப்டர் காரணம், ஜூபிடருக்கு லென்ஸே காரணம்.

முதலில் அடாப்டர். திருகு மவுண்டில் லென்ஸ் அமரும் முகத்திலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ., எம் மவுண்டில் 27.8 மி.மீ. வித்தியாசம் சரியாக 1 மி.மீ. அதுதான் அடாப்டரின் தடிமன். 1.05 இருந்தால் லென்ஸ் 0.05 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ஆனால் லென்ஸின் பின்னால் உள்ள கேமும் (ரேஞ்ச்ஃபைண்டருக்குத் தூரத்தைச் சொல்லும் உலோக வளையம்) அதே 0.05 வெளியே தள்ளி நிற்கும். உடலில் இருக்கும் உருளை அதையும் சேர்த்தே படிக்கும். 50 மி.மீ. லென்ஸில் கேமும் கண்ணாடியும் ஒன்றுக்கொன்று சமமாக நகர்வதால், ரேஞ்ச்ஃபைண்டர் காட்டும் தூரமும் ஃபிலிமில் விழும் தூரமும் ஒத்தே போகும். இழப்பது முடிவிலி மட்டும். லைக்கா அளவுகோலான 51.6 மி.மீ. குவியத்தூரத்தின் வர்க்கத்தை 0.05 ஆல் வகுத்தால் சுமார் 53 மீட்டர். முட்டி நிற்கும் இடத்தில் லென்ஸ் பார்ப்பது அந்தத் தூரத்தைத்தான். கோபுரம் ஒன்று சேராதது இதனால்.

100 மி.மீ.யில் கதை வேறு. கேம் 1 நகர்ந்தால் கண்ணாடி ஏறக்குறைய 3.76 நகர வேண்டும். அடாப்டர் தந்த 0.05-ஐ உருளை 0.19 என்று எண்ணிக்கொள்கிறது, கண்ணாடி நகர்ந்ததோ வெறும் 0.05. மீதி 0.14 மி.மீ. பிழை. எஃப்/3.5-இல் ஃபிலிம் பக்கம் பொறுத்துக்கொள்ளும் அளவு 0.105. ஆகவே பின்னால் விழுகிறது, எல்லாத் தூரத்திலும் விழுகிறது. நீங்கள் சொன்ன அறிகுறியோடு பொருந்துகிறது.

மைக்ரோமீட்டரால் அடாப்டரின் விளிம்பை நான்கு இடங்களில் அளங்கள். வெர்னியர் போதாது, இங்கே நூறில் ஒரு பங்கு மி.மீ. தெரிய வேண்டும். 0.99 முதல் 1.01 வரை ஏற்கலாம். நான்கு இடமும் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் தூக்கிப் போடுங்கள், தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம். தேய்த்த முகம் ஒருபோதும் இணையாக வராது.

#3 வெள்ளி உப்பு

ஜூபிடருக்கான கணக்கு இது. லைக்காவின் கேம் அளவுகோல் 51.6 மி.மீ. குவியத்தூரத்தை அடிப்படையாகக் கொண்டது. ஜூபிடர்-8-இன் மூலம் ஸைஸ் ஸோனார். கான்டாக்ஸுக்கு வகுத்த அது 52.4 பக்கம். 1 மீட்டரில் 51.6 லென்ஸ் முடிவிலியிலிருந்து 2.81 மி.மீ. முன்னேற வேண்டும், 52.4 லென்ஸ் 2.90. ரேஞ்ச்ஃபைண்டர் 2.81-இலேயே "சேர்ந்தது" என்று சொல்லிவிடும். குறைபடும் 0.09 மி.மீ., 1 மீட்டரில் சுமார் 3 செ.மீ. பின்னால் விழும். எஃப்/2-இல் பொறுக்கும் அளவு 0.06, எஃப்/4-இல் 0.12. எஃப்/4-க்கு மேல் மூடிய பிறகு பிழை மறைந்து போவது அதனால்தான். 1.5 மீட்டரில் பிழை 0.06, 3 மீட்டரில் 0.03.

சரிசெய்வது ஷிம்மால், அதாவது இடையில் வைக்கும் மெல்லிய உலோக வளையத்தால். கண்ணாடித் தொகுதிக்கும் ஹெலிகாய்டுக்கும் (ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸை நகர்த்தும் மரைக்குழல்) நடுவே இருக்கும் வளையத்தைத் தடிமனாக்கினால் கேம் இருந்த இடத்தில் இருக்க, கண்ணாடி மட்டும் முன்னே வரும். அடாப்டரின் தடிமனால் இதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் அது இரண்டையும் சேர்த்தே நகர்த்துகிறது.

#4 மஞ்சள் வடிகட்டி

ஷிம் என்றதும் லென்ஸைத் திறக்காதீர்கள், நண்பரே. எல்லா ஜூபிடர்-8-உம் இப்படி இல்லை. ஐம்பது, அறுபது வருடம் பழைய பொருள். நடுவே யார் யாரோ கழற்றிக் கோத்திருப்பார்கள். ஷிம்மைத் தொலைத்தவர்கள் உண்டு, ஹெலிகாய்டைத் தவறான மரையில் ஏற்றியவர்கள் உண்டு, வேறு லென்ஸின் கண்ணாடியை இதன் உடலில் போட்டவர்களும் உண்டு. 52.4 கணக்கு ஓர் ஊகம் மட்டுமே, உங்கள் கையில் இருக்கும் லென்ஸை அளக்காமல் 0.1 ஷிம் வைப்பது முறையல்ல.

அருகில் முழுத் திறப்பில் எடுக்கும் வழக்கம் இல்லை என்றால் லென்ஸை அப்படியே விடலாம். 1 மீட்டரில் எஃப்/2 வேண்டுமென்றால், உருவங்கள் சேர்ந்த பிறகு உடம்பை 3 செ.மீ. பின்னுக்குச் சாய்த்துவிட்டு அழுத்தலாம். ஃபோகஸ் பின்னால் விழுகிற லென்ஸில் கேமராதான் பின்னே போக வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்து பிழையை இரட்டிப்பாக்குகிறார்கள்.

#5 திருகுமரை

சாய்ந்து எடுப்பது நின்றிருக்கும் ஆளுக்குச் சரி, தினப்படி முறையாக ஆகாது. அளந்த பிறகே திறக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

#6 ஒளித்துளை

அளப்பது எப்படி அண்ணா? ஒரு ரோல் செலவழித்துத்தான் பார்க்க வேண்டுமா?

#7 வெள்ளி உப்பு

ரோல் வேண்டாம். ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கல் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பழைய எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) ஃபோகஸிங் ஸ்க்ரீன் ஒன்றை 35 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவான அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். பின்கதவைத் திறந்தால் ஷட்டர் சாளரத்தின் மேலும் கீழும் இரண்டு இரண்டு தண்டவாளங்கள் தெரியும். வெளி ஜோடி அழுத்தத் தகடு அமர்வது, உள் ஜோடி ஃபிலிம் அமர்வது. ஸ்க்ரீன் உள் ஜோடியில் உட்கார வேண்டும், சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கி. வெளி ஜோடியில் வைத்துவிட்டால் ஃபிலிமின் தடிமனை ஒட்டிய பிழை வந்துவிடும், நாம் தேடும் பிழையை விட அது பெரிது. ஸ்க்ரீன் கிடைக்காவிட்டால் மங்கலான ஒட்டுநாடாவை உள் தண்டவாளத்தில் விறைப்பாக இழுத்து ஒட்டலாம். நடுவில் தொய்வு இருந்தால் அளவு பொய்.

கேமராவை முக்காலியில் பூட்டி, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் நிலை) வைத்து, பூட்டு உள்ள கேபிள் ரிலீஸால் திறந்து வையுங்கள். ஆர்2ஏ மின்னணு ஷட்டர். திறந்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரி செலவாகும், மாற்று பேட்டரி பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு மீட்டர் தூரத்தில் செங்குத்துக் கோடு வரைந்த அட்டையை நிறுத்தி, அதன் பக்கத்தில் ஓர் அளவுகோலை 45 பாகையில் சாய்த்து வையுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் கோட்டைச் சேர்த்துவிட்டு, ஸ்க்ரீனை 8 மடங்கு லூப்பால் (உருப்பெருக்கும் லென்ஸ்) பாருங்கள். அளவுகோலில் எந்த எண் கூர்மையாகத் தெரிகிறது? சாய்வாக இருப்பதால் அளவுகோலில் 4.2 செ.மீ. என்றால் உண்மை ஆழம் 3 செ.மீ. ஃபோகஸ் வளையத்தை எப்போதும் முடிவிலியிலிருந்து அருகை நோக்கியே திருப்பிச் சேருங்கள். பழைய ஹெலிகாய்டில் தளர்வு இருந்தால் திருப்பும் திசைக்கேற்ப விடை மாறும். ஐந்து தடவை சேர்த்து, ஐந்தின் நடு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 1.5 மீட்டர், 3 மீட்டர், கடைசியாக ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரம் அல்லது நிலா.

பிழை அருகில் மட்டும் இருந்து தூரம் போகப் போகக் குறைந்தால் குவியத்தூர வேறுபாடு. எல்லாத் தூரத்திலும் ஃபிலிம் பக்கம் ஒரே அளவு என்றால் ஷிம் தவறு. ஒழுங்கே இல்லாமல் மாறினால் ஹெலிகாய்டு அல்லது கண்ணாடி இடைவெளி. அதை வீட்டு மேசையில் சரிசெய்ய வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு மிகவும் வசதி ஃபெட்-2, ஸோர்க்கி-4 மாதிரிப் பின்பக்கம் முழுதாகக் கழன்று வரும் உடல்கள். அடிவழியாக ஃபிலிம் நுழைக்கும் பழைய லைக்கா திருகு உடல்களில் பின்கதவே இல்லை.

#8 நெகட்டிவ் உறை

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸோனார் வகை லென்ஸ்களில் அப்பர்ச்சரை மூட மூடக் கூர்மைத் தளம் பின்னால் நகரும். கோளப் பிறழ்ச்சியின் (ஓரக் கதிர்களும் நடுக் கதிர்களும் வேறு வேறு இடத்தில் குவிவது) விளைவு. எஃப்/2-இல் அச்சொட்டாகச் சரிசெய்த லென்ஸ் எஃப்/2.8, எஃப்/4-இல் கொஞ்சம் பின்னால் போகும், எஃப்/5.6-க்கு மேல் ஆழம் அதை விழுங்கிவிடும். ஸைஸ் இசட்எம் சி-ஸோனார் 50/1.5 புதிய லென்ஸ்தான், அதிலும் இதே குணம். எஃப்/2.8-க்குப் பொருத்திய சி-ஸோனாரை முழுத் திறப்பில் அருகே வைத்தால் முன்னால் விழுவதும் இதனால்தான். நாக்டன் 35/1.4 கிளாஸிக்கிலும் எஃப்/2 முதல் எஃப்/4 வரை இந்த நகர்வு தெரியும். ஆகவே சோதனையை எஃப்/2-இல் மட்டும் செய்யாமல் எஃப்/2.8, எஃப்/4-இலும் செய்து, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் திறப்புக்கு ஏற்றபடி ஷிம்மைத் தீர்மானியுங்கள்.

#9 வெள்ளி உப்பு

உண்மை. அதனால் 1 மீட்டரில் 0.09 குறை என்று வந்தாலும் நான் 0.09 ஷிம் சேர்க்க மாட்டேன். 0.05 சேர்த்தால் 1 மீட்டரில் மீதி 0.04, முடிவிலியில் 0.05, இரண்டும் எஃப்/2-இன் 0.06-க்குள் அடங்கிவிடும். முழுதாக 0.09 சேர்த்தால் அருகே அருமை, ஆனால் தூரத்து நிலக்காட்சி எஃப்/2-இல் மங்கும். ஆள்படம் மட்டும் எடுப்பவர்களுக்கு அது பரவாயில்லை.

#10 ஐம்பதின் பக்கம்

லைக்கா உடல் பற்றிய கேள்விக்கு. பெஸ்ஸா ஆர்2ஏ-வில் ஃபிரேம் கோடுகளை (வ்யூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டுபவை) மேலே உள்ள நெம்புகோலால் நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள், அதனால் எந்த அடாப்டரும் ஒன்றுதான். லைக்கா எம்-இல் லென்ஸ் மவுண்டின் காது எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்து உடல் தானாகக் கோட்டைத் தேர்கிறது. அடாப்டரும் அதற்கேற்ப மூன்று வகை: 28-90, 35-135, 50-75. ஜூபிடர்-8-க்கு 50-75. கேனன் 100-க்கும் 85 மி.மீ. லென்ஸ்களுக்கும் 28-90, 100-ஐ 90 கோட்டில் வைத்தால் கோட்டை விடச் சற்றுக் குறைவாகவே படத்தில் வரும், ஓரத்தில் தாராளமாக இடம் விடுங்கள். லென்ஸுக்கு ஓர் அடாப்டர் என்று நிரந்தரமாக மாட்டிவிடுவது நல்லது. திருகி எடுக்கும் தொல்லையும் இல்லை, தேய்மானமும் இல்லை.

எம்3 வாங்கினால் 50, 90, 135 மட்டுமே. 35-க்குத் தனி வ்யூஃபைண்டர் வேண்டும். எம்2-இல் 35, 50, 90. எம்6-இல் மூன்று ஜோடியும் உண்டு.

#11 நெகட்டிவ் உறை

உடலைத் தேர்ந்தெடுக்கும்போது கோட்டை விட முக்கியமானது பயனுறு அடித்தளம். இரண்டு ரேஞ்ச்ஃபைண்டர் சாளரங்களுக்கு இடையிலான தூரத்தை வ்யூஃபைண்டர் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவது. எம்3: 68.5 பெருக்கல் 0.91, ஆக 62 மி.மீ. எம்6 0.72: சுமார் 50. ஸைஸ் ஐகான் இசட்எம்: 75 பெருக்கல் 0.74, 55.5. பெஸ்ஸா ஆர்2ஏ: 37 பெருக்கல் 0.7, 26. ஆர்3ஏ: உருப்பெருக்கம் 1, ஆக 37. லைக்கா சிஎல்: 31.5 பெருக்கல் 0.6, 19-க்குக் கொஞ்சம் குறைவு.

ஒரு லென்ஸுக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு: குவியத்தூரத்தின் வர்க்கத்தை 0.00029 ஆல் பெருக்குங்கள், வந்ததை எஃப் எண்ணாலும் 0.03 ஆலும் வகுங்கள். கண் ஒரு பாகைக் கலை வரை பிரித்தறியும் என்ற அடிப்படையில் வருவது இது. 35/1.4-க்கு 8.5 மி.மீ., 50/1.5-க்கு 16, 90/4-க்கு 20-க்குள், 100/3.5-க்கு 28, 90/2-க்கு 39, 135/4-க்கு 44, 135/2.8-க்கு 63. சிஎல் உடலோடு 90/4 விற்றார்கள், 90/2 விற்கவில்லை. காரணம் எண்ணிலேயே இருக்கிறது.

இது நல்ல கண், நல்ல வெளிச்சம், துல்லியமாகச் சீரமைத்த உடல் என்று வைத்து வரும் குறைந்தபட்ச அளவு. கேனன் 100 உங்கள் ஆர்2ஏ-வில் எல்லைக்கோட்டில் நிற்கிறது, 28 வேண்டிய இடத்தில் 26. அடாப்டர் சரியானாலும் எஃப்/3.5-இல் ஒவ்வொரு படமும் குத்தியது போல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எஃப்/5.6 வைத்தால் தேவை 17-க்கு இறங்கிவிடும், நிம்மதியாக எடுக்கலாம். கண்ணாடி அணிபவர்கள் பார்வைத் திருத்த லென்ஸைக் கண்பகுதியில் பொருத்தினால் பெரிய மாற்றம் தெரியும். எம் உடல்களுக்கு 1.25 மடங்கு உருப்பெருக்கி கிடைக்கிறது. எம்6-இன் 50 அதனால் 62 ஆகும்.

#12 மஞ்சள் வடிகட்டி

திருகு லென்ஸ் தேடும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதையும் எழுதுகிறேன். 39 மி.மீ. திருகு என்று விற்பதெல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் இல்லை. பழைய ஸெனிட் எஸ்எல்ஆர் லென்ஸ்களும் 39 மி.மீ. திருகுதான், ஆனால் அவற்றுக்கு மவுண்ட் முகத்திலிருந்து ஃபிலிம் வரையான தூரம் 45.2 மி.மீ. உங்கள் உடலில் அழகாக மாட்டும், ஒன்றுமே கூர்மையாக வராது. ஹீலியோஸ்-44 எஸ்எல்ஆருக்கு மட்டும் செய்தது. இண்டஸ்டார்-50, ஜூபிடர்-9, ஜூபிடர்-11 மூன்றும் இரு வடிவிலும் உண்டு. விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள்: ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது முன்னும் பின்னும் நகரும் உலோக வளையம் தெரிந்தால்தான் அது நமக்கான லென்ஸ்.

மரையிலும் நுண்ணிய வேறுபாடு. லைக்கா மரை அங்குலத்துக்கு 26 சுற்று, சோவியத் மரை 1 மி.மீ. இடைவெளி. ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் சில ஜோடிகள் கடைசிக் கால் சுற்றில் இறுகும். பலம் கொடுக்காதீர்கள். போருக்கு முந்தைய ஃபெட் லென்ஸ்களை வாங்கவே வேண்டாம். அவற்றை அந்தந்த உடலுக்கென்று தனித்தனியாகப் பொருத்தினார்கள்.

ஜூபிடர்-12 35/2.8-இன் பின்கண்ணாடி மிக ஆழமாக உள்ளே நீண்டிருக்கும். பெஸ்ஸா உடல்களில் உள்ளே இடிக்கும். லைக்கா சிஎல், எம்5 இரண்டிலும் ஒளிமானி ஒரு தண்டில் ஃபிலிமுக்கு முன்னே வந்து நிற்பதால் அங்கேயும் ஆகாது. உள்ளே தள்ளி மடக்கும் பழைய எல்மார், ஸும்மிடார் வகைகளை இந்த உடல்களில் மாட்டினால் மடக்காமலே வைத்திருங்கள்.

கேனன் திருகு லென்ஸ்களில் 50/1.8, 50/1.2, 35/1.8 வாங்குவோர் அப்பர்ச்சருக்குப் பின்னால் உள்ள கண்ணாடியை எல்இடி டார்ச்சால் சாய்வாகப் பார்க்க வேண்டும். மசகு எண்ணெய் ஆவியாகிப் படிந்த மங்கல் இருக்கும். புதிதாகப் படிந்தது ஐசோபுரொப்பைலில் போகும். பல வருடம் கிடந்தது கண்ணாடியையே அரித்திருக்கும், துடைத்துப் பயனில்லை. 50/1.8-இன் வடிகட்டி மரை 40 மி.மீ., ஜூபிடருக்கு 40.5, ஒன்றின் வடிகட்டி மற்றதற்கு ஏறாது.

நம் கடற்கரை ஊர்களில் பூஞ்சைதான் பெரிய எதிரி. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் உலர் அலமாரியில் வையுங்கள். தோல் உறைக்குள் லென்ஸைப் பூட்டி வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

#13 திருகுமரை

துணித்திரை ஷட்டர் உள்ள உடல் வாங்கப் போகிறவர்களுக்கு: எஸ்எல்ஆரில் நடுவே பிரதிபலிப்புக் கண்ணாடி மறைக்கும், இங்கே சூரியன் நேராகத் திரையில் விழும். முடிவிலியில் முழுத் திறப்பில் தோளில் தொங்கவிட்டால் திரையில் ஊசித்துளை எரிந்துவிடும். எடுக்காத நேரத்தில் எஃப்/16, மிகக் குறைந்த தூரம். மூடி போட்டால் இன்னும் பாதுகாப்பு, ஆனால் வ்யூஃபைண்டரில் மூடி தெரியாது, ரோல் முழுக்கக் கறுப்பாகப் போகும். ஸோர்க்கி-4, ஃபெட்-2 வாங்கினால் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே இருக்கும் முள் வளையும்.

#14 ஒளித்துளை

அளந்தாயிற்று. அடாப்டர் நான்கு இடத்திலும் 1.04, 1.05. ஜூபிடர் எஃப்/2-இல் 1 மீட்டரில் 3 செ.மீ. பின்னால், 1.5-இல் 4.5 செ.மீ., முடிவிலிக்குப் போகப் போக ஃபிலிம் பக்கப் பிழை குறைந்து மறைகிறது. வேறு அடாப்டர் போட்டதும் கோபுரம் ஒன்று சேர்கிறது, கேனன் 100 எஃப்/5.6-இல் துல்லியம். ஜூபிடருக்கு 0.05 ஷிம் வைக்கலாம் என்று நினைக்கிறேன். எதில் வெட்டுவது? திறக்கும் முறை?

#15 வெள்ளி உப்பு

நீங்கள் தந்த எண்கள் குவியத்தூர வேறுபாட்டையே காட்டுகின்றன. 0.05 சரியான முடிவு.

முடிவிலியில் நிறுத்தி, லென்ஸை உடலிலிருந்து கழற்றி, எல்லாக் குறிகளையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பக்கவாட்டில் சிறிய நிறுத்தத் திருகு இருந்தால் அதைத் தளர்த்துங்கள். சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் தொட்டால் தலை வழுக்கிவிடும். பிறகு அப்பர்ச்சர் வளையம் உள்ள கண்ணாடித் தொகுதியை எதிர்க்கடிகாரத் திசையில் திருகினால் ஹெலிகாய்டிலிருந்து முழுதாக வெளியே வரும். அதன் தோள்பட்டையில் உலோக வளையம் ஒன்றோ இரண்டோ இருக்கும், அதுதான் ஷிம். அதன் தடிமனை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஹெலிகாய்டைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, அதைத் தொடாதீர்கள்.

0.05 பித்தளைத் தகடு இயந்திரக் கருவிக் கடைகளில் கிடைக்கும். பழைய ஷிம்மை வைத்து அதே வட்டத்தில் வெட்டி, விளிம்பின் பிசிறை நுண் காகிதத்தால் நீக்குங்கள். பிசிறு 0.02 நின்றாலும் வேலை வீண். காகித ஷிம் வேண்டாம், அமுங்கும். ஒட்டும் செப்பு நாடாவும் வேண்டாம், பசையின் தடிமன் கணக்கில் வராது.

#16 ஒளித்துளை

தடிமன் கூடினால் தொகுதி முன்பு போல் முழுதாகத் திருகாது, அப்பர்ச்சர் குறி தள்ளி நிற்குமே?

#17 திருகுமரை

நிற்கும். எஃப் எண்கள் மேலே வராமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கும், வேலைக்கு இடைஞ்சல் இல்லை. குறியை மேலே கொண்டுவர வேண்டும் என்பதற்காகத் தொகுதியைத் தளர்த்தி வைக்காதீர்கள், ஷிம் இறுகாமல் எல்லாம் ஆடும். நிறுத்தத் திருகு பழைய பள்ளத்தில் உட்காராது. புதுத் துளை போடாமல், திருகு தொடும் இடத்தில் நகப்பூச்சு ஒரு துளி வைத்து மெல்ல இறுக்கினால் போதும். பின்னாளில் யாராவது திறந்தால் சுலபமாகக் கழலும். மூடும் முன் மங்கல் கண்ணாடியில் 1 மீட்டரும் முடிவிலியும் மறுபடி பாருங்கள், எஃப்/2-இலும் எஃப்/4-இலும்.